கூட்டக்குறிப்பில் சேராதவை

பத்தொன்பது விண்ணப்பங்கள், பன்னிரண்டாயிரம் பவுண்டு.
மூன்றாம் மாடி அறையில் ஐந்து பேர்,
ஆறாவதாக நான்,
பேசுவதை எழுதிக்கொள்ள மட்டும்.
ஜன்னலுக்கு வெளியே வேல்ஸ் கடல்
யாரிடமும் அனுமதி கேட்காமல்
கரைச்சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஊழியர் மாணவர் டிஜிட்டல் புதுமை நிதி.
பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும்.
படிவத்தில் ஒரு கட்டம்:
உங்கள் புதுமையை இருநூறு சொற்களுக்குள் விளக்குக.
பதினெட்டுப் பேர் இருநூறையும் நிரப்பியிருந்தார்கள்.
செவ்வாய்க் கிரகத்தை வகுப்புக்குள் இறக்கும் கண்ணாடி,
கட்டுரையைத் திருத்தி முதுகில் தட்டிக்கொடுக்கும் மென்பொருள்,
பனிப்பாறை உருகுவதை இசையாக்கும் ஏதோ ஒன்று.
நன்றாகத்தான் இருந்தன. பொய் எதற்கு,
அந்தப் பனிப்பாறைக்கு மனசுக்குள் ஓட்டுப் போட்டிருந்தேன்.

பத்தொன்பதாவதில் இருபத்தைந்தே சொற்கள்.

"லிஃப்ட் பழுதென்று காலை ஆறு மணிக்கே எனக்குத் தெரியும்.
காகிதத்தில் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டுகிறேன்.
எம்ரிஸ் அதைப் படிக்கும்போது
மேட்டை முழுக்க ஏறி வந்துவிட்டிருக்கிறான்.
காகிதம் அவனிடம் முன்னாலேயே போக வேண்டும்.
அவ்வளவுதான்."

நெஸ்டா பார்ரி, வாயில்காப்பாளர், இரவுப் பணி.
எம்ரிஸ், கணினியியல் இரண்டாம் ஆண்டு.
சக்கர நாற்காலியைப் படிவம் கேட்கவில்லை,
அவர்களும் சொல்லவில்லை.
கேட்ட தொகை அறுநூற்று நாற்பது.

"இதில் புதுமை எங்கே இருக்கிறது?" என்றார்
தலைவர் ஹவெல், கெட்ட எண்ணம் இல்லாமல்.
"பெரிய அளவில் விரிவாக்க முடியுமா?" இது நிதித்துறை கேரிஸ்.
நெஸ்டா சீருடையோடே வந்திருந்தாள்,
தூங்காத கண்கள்.
"பதினோரு லிஃப்ட் இருக்கு. பதினொன்றும் பழுதாகும்."
யாரும் சிரிக்கவில்லை.
நான் குறித்தேன்: விரிவாக்கம் சாத்தியம்.

"கூட விண்ணப்பித்த பையன்?"
"கீழே நிற்கிறான்."
கைபேசியை மேசை நடுவில் வைத்தாள்.
தரைத்தளத்தின் எதிரொலியோடு எம்ரிஸ் பேசினான்:
நிரல், குறுஞ்செய்தி, மாதம் எவ்வளவு ஆகும்.
நடுவில் யாரோ அவனிடம் கேட்பது எங்களுக்கும் கேட்டது,
"லிஃப்ட் ஓடலையா?"
"இல்லை. கதவில் ஒட்டியிருக்கு பாருங்க."
பிறகு எங்களிடம்,
"மன்னிக்கணும், எங்கே விட்டேன்?"

ஹவெல் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
அடுத்த கேள்வி என்று ஒன்று வரவில்லை.

அறுநூற்று நாற்பதும் கிடைத்தது.
ஜூலை முப்பத்தொன்றுக்குள் செலவழிக்க வேண்டும்,
ரசீதில்லாத செலவு செல்லாது,
ஊழியர் நேரத்துக்குக் கூலி கிடையாது,
சுவரொட்டியில் எங்கள் சின்னம், மேல் மூலையில்.
லிஃப்டைச் சரிசெய்ய இதிலிருந்து எடுக்கலாமா
என்று கேட்டாள் நெஸ்டா.
அது வேறு கணக்கு.
அந்தக் கணக்கில் இந்த ஆண்டு எதுவும் இல்லை.
புதுமைக்கு உண்டு, பழுதுக்கு இல்லை.
இதையும் எழுதட்டுமா என்று தலைவரைப் பார்த்தேன்.
அவர் கடலைப் பார்த்தார்.

பனிப்பாறைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச்சில் முதல் செய்தி ஒன்பது கைபேசிகளுக்குப் போனது.
சோதனைக்கென்று என் எண்ணையும் கொடுத்திருந்தேன்.
எனக்குப் படியேற வராதது ஒன்றுமில்லை,
எடுத்துவிடச் சொல்லலாம், சொல்லவில்லை.
ஆறு பத்துக்குத் தலையணைப் பக்கம் துடிக்கிறது,
முதலில் வெல்ஷில், கீழே ஆங்கிலத்தில்:
மூன்றாம் தொகுதி, பழுது.
ஐந்து, ஓடுகிறது, முனகிக்கொண்டு.

குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம் வைத்திருந்தான் எம்ரிஸ்,
காலியாக விடலாம் என்று பக்கத்திலேயே எழுதி.
நெஸ்டா விடுவதில்லை.
"மேட்டுப் பாதையில் உறைபனி.
நூலகப் பக்கமாக வாருங்கள்,
உப்புத் தூவியிருக்கிறேன்."